பந்தியில் எந்த இடம்? கிறிஸ்தவத் தாழ்ச்சியும் தொண்டும்: ஓர் எளிய விளக்கம்

காரைக்குடிப் பக்கத்துக் கலியாண வீடுகளில் பந்தி நடக்கும்போது அங்கே நான்கு வகை மனிதர்களைப் பார்க்கலாம். இலைக்கு முன் அமர்ந்து சாப்பிடுகிறவர்கள் ஒரு வகை. "கூச்சப்படாமல் சாப்பிடுங்கள், இன்னும் கொஞ்சம் பாயசம் போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டபடி வரிசை வரிசையாக நடந்து வரும் வீட்டுக்காரர் இரண்டாம் வகை, இதற்குப் பந்தி விசாரித்தல் என்று பெயர், அது கௌரவமான வேலை. வாளியும் கரண்டியுமாகக் குனிந்து குனிந்து பரிமாறுகிறவர்கள் மூன்றாம் வகை. எல்லாரும் கை கழுவப் போன பிறகு எச்சில் இலைகளைச் சுருட்டிக் கூடையில் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் நான்காம் வகை. பந்தி விசாரித்தவரை ஊரே பாராட்டும். பரிமாறியவரின் முகம் ஒன்றிரண்டு பேருக்காவது நினைவில் நிற்கும். இலை எடுத்தவரை யாரும் நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவ வாழ்வில் தாழ்ச்சி, தொண்டு என்னும் சொற்கள் எதைக் குறிக்கின்றன என்று அறிய விரும்புகிறவர், இந்தப் பந்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி தூரம் கடந்துவிடலாம். இயேசு இதைப் பற்றிப் பேசியதாக நற்செய்தி நூல்கள் சொல்லும் முக்கியமான தருணங்களில் பல, சாப்பாட்டு வேளைகளே. தொண்டு என்று நாம் பெயர்க்கும் 'தியாக்கோனியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு அக்காலத்தில் வழங்கிய பொருள்களுள் ஒன்று, விருந்தில் நின்று பரிமாறுதல். திருச்சபையில் இன்று திருத்தொண்டர் என்றும் தியாக்கோன் என்றும் வழங்கும் பதவியின் பெயர் அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். பரிமாறுகிறவரின் பெயர் பின்னாளில் ஒரு பதவியின் பெயராகிவிட்டது என்பதைக் கொஞ்சம் சிரித்துக்கொண்டே கவனிக்கலாம்.

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே சொற்கள் சபைக்குச் சபை மாறுகின்றன. கத்தோலிக்கர் தாழ்ச்சி என்பார்கள். தலையான பாவங்கள் ஏழில் அகங்காரத்துக்கு எதிரே நிற்கும் புண்ணியம் அது என்று மறைக்கல்வி வகுப்பில் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்வார்கள். சீர்திருத்தத் திருச்சபைகளில் அதுவே தாழ்மை. தொண்டு என்பது அங்கே பெரும்பாலும் ஊழியம். ஆனால் இவை எல்லாவற்றையும்விட, தமிழ்மொழி தானாகவே வைத்திருக்கும் ஒரு சொல் இந்தக் கருத்துக்கு மிக நெருக்கமாக வருகிறது என்பது என் எண்ணம். பணி என்றால் வேலை. பணிதல் என்றால் குனிதல். பணிவும் பணிவிடையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. குனியாமல் பரிமாற முடியாது என்பதைப் பந்தியில் நின்றவர்கள் அறிவார்கள். வேலை ஏதும் செய்யாமல் குனிந்து மட்டும் நிற்பதும், குனியாமல் வேலையை மட்டும் செய்வதும் கிறிஸ்தவம் சொல்லும் தாழ்ச்சி ஆகாது.

இக்காலத்தில் பணிவு நல்ல குணம் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வதால், இந்தப் போதனை முதன்முதலில் எவ்வளவு விபரீதமாக ஒலித்திருக்கும் என்பது நமக்கு எளிதில் விளங்குவதில்லை. முதல் நூற்றாண்டின் கிரேக்க, உரோமை உலகில் தாழ்மையைக் குறித்த சொல் பெரும்பாலும் இழிவையே குறித்தது. அது அடிமைக்கு உரியது, மானமுள்ளவனுக்கு உரியதன்று. செல்வர்கள் அரங்கங்களையும் குளியல் மண்டபங்களையும் கட்டிக்கொடுத்துத் தங்கள் பெயரைக் கல்லில் பொறித்துக்கொண்டார்கள். நகரம் அவர்களுக்கு 'உபகாரி' என்று பட்டம் சூட்டியது. டியூப் லைட்டிலும் மின்விசிறி இறக்கையிலும் நாம் எழுதும் 'உபயம்' அதன் சிறிய வடிவம். லூக்கா நற்செய்தியில் இயேசு அந்தப் பட்டத்தையே எடுத்துச் சொல்கிறார்: பிற இனத்தாரின் அரசர்கள் மக்களை அடக்கி ஆள்கிறார்கள், அதிகாரம் செலுத்துகிறவர்கள் உபகாரிகள் என்று அழைக்கப்படுகிறார்கள், உங்களிடையே அப்படி இருக்கலாகாது. இதை அவர் சொன்ன நேரம் கவனிக்கத்தக்கது. தாம் கைது செய்யப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, கடைசி விருந்தின்போது, தங்களுள் யார் பெரியவர் என்று சீடர்களுக்குள்ளே ஒரு வாக்குவாதம் எழுந்ததாம். அதற்கு மறுமொழியாகத்தான் அவர் இதைச் சொல்லிவிட்டு, பந்தியில் அமர்ந்திருப்பவரா பணிவிடை செய்பவரா, யார் பெரியவர் என்று கேட்கிறார். உலக வழக்கின்படி அமர்ந்திருப்பவர்தான். நானோ உங்கள் நடுவே பணிவிடை செய்கிறவனாக இருக்கிறேன் என்பது அவர் தரும் பதில்.

இடம் பிடிப்பதைப் பற்றிய அவருடைய நேரடியான பேச்சு அதே நூலின் 14ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு பெரிய மனிதரின் வீட்டு விருந்தில், வந்தவர்கள் முதன்மையான இடங்களைத் தேடிப் போய் உட்காருவதைப் பார்த்த இயேசு, கலியாண விருந்துக்கு அழைக்கப்பட்டால் முதலிடத்தில் அமர வேண்டாம் என்கிறார். உங்களைவிட மதிப்புள்ளவர் வந்துவிட்டால் எழுந்து கடைசிக்குப் போக நேரும், கடைசியில் அமர்ந்தால் வீட்டுக்காரரே வந்து மேலே அழைப்பார். செட்டிநாட்டில் வளர்ந்தவருக்கு இதற்கு உரையே தேவையில்லை. எந்தச் சம்பந்தி எங்கே உட்கார்ந்தார், யார் கையில் முதலில் சந்தனம் நீட்டப்பட்டது, யார் வரும்போது வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார் என்ற கணக்குகள் இங்கே பத்து வருடம் கழித்தும் பேசப்படும்.

ஆனால் இந்த உவமையைப் புரிந்துகொள்வதில் தொடக்கக்காரர்கள் பலர் வழுக்குகிற ஓர் இடம் உண்டு. மேலே அழைக்கப்படுவதற்காகக் கடைசியில் உட்காரலாம் என்று இதிலிருந்து ஒரு தந்திரத்தை எடுத்துக்கொள்ள முடியும். ஆலயத்தின் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டு, பங்குத்தந்தை தம்மைப் பார்த்து முன்னே கூப்பிடும்வரை தூணோடு தூணாக ஒட்டியிருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூப்பிடாமல் போனால் அடுத்த வாரம் அவர்கள் வருவதில்லை. முதலிடத்துக்குப் போகச் சுற்றுவழி எடுப்பது தாழ்ச்சி ஆகாது. இயேசு அதோடு நிறுத்தவில்லை என்பதுதான் இதற்கு விடை. அடுத்த மூச்சிலேயே விருந்தாளிகளை விட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் திரும்பி, விருந்து வைத்தால் நண்பர்களையும் உறவினர்களையும் செல்வரான அண்டை வீட்டாரையும் அழைக்க வேண்டாம், அவர்கள் திரும்ப அழைத்துக் கைம்மாறு செய்துவிடுவார்கள், ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழையுங்கள் என்கிறார். நம் மொழியில் சொன்னால், மொய் நோட்டே இல்லாத ஒரு விருந்து. யார் எவ்வளவு எழுதினார்கள், நாம் அவர்களுக்கு எவ்வளவு எழுத வேண்டும் என்ற கணக்கு எழ முடியாதபடி, திரும்பச் செய்ய வழியே இல்லாதவரைத் தேடிப் போகச் சொல்கிறது இந்தப் போதனை. முதலில் சொன்ன இருக்கை விஷயம் இதற்கு முன்னுரைதான்.

செபதேயுவின் மக்களாகிய யாக்கோபு, யோவான் ஆகியோரின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். உமது ஆட்சியில் எங்களுள் ஒருவர் வலப்பக்கமும் மற்றவர் இடப்பக்கமும் அமர வேண்டும் என்று அவர்களே கேட்டதாக மாற்கு எழுதுகிறார். மத்தேயு எழுதும்போது, கேட்பவர் அவர்களுடைய தாய். பிள்ளைகளுக்காக அம்மா தூது போவது நமக்குப் புதிதன்று. மற்றப் பத்துச் சீடர்களும் இதைக் கேட்டுக் கோபம் கொண்டார்கள் என்று இரு நூல்களும் சொல்கின்றன. அந்தக் கோபத்தைத் தாழ்ச்சியின் கோபம் என்று கொள்ள இடமில்லை. தங்களுக்கு முன்பே அவர்கள் கேட்டுவிட்டார்களே என்ற கோபம் அது. இங்கே இயேசு பெரியவராக விரும்புவதையே தவறு என்று சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம். பெரியவராக விரும்புகிறவர் தொண்டராகட்டும், முதன்மையாக விரும்புகிறவர் அனைவருக்கும் பணியாளராகட்டும் என்கிறார்.

இந்தக் கருத்தின் நடுமையம் யோவான் நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இங்கே சற்று நேரம் நிற்க வேண்டும். இராவுணவின் நடுவே இயேசு எழுந்து, மேலுடையைக் கழற்றி வைத்து, ஒரு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிச் சீடர்களின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். செருப்பணிந்து புழுதிச் சாலையில் நடந்து வந்த விருந்தாளிகளின் கால்களைக் கழுவுவது அக்காலத்தில் அடிமைகள் செய்த வேலை. நம்மிடையே காலைக் கழுவுவதற்கு வேறொரு பொருள் உண்டு. குருவுக்குச் சீடர் பாதபூசை செய்வார். பல சமூகத்துத் திருமணங்களில் பெண்ணின் தந்தை மாப்பிள்ளையின் கால்களைக் கழுவுவார். இரண்டிலும் மரியாதை கீழிருந்து மேலே போகிறது. இங்கே குருவே சீடரின் காலைக் கழுவுகிறார். இதைப் பாதபூசையோடு ஒப்பிட்டால், ஏதோ அழகிய சடங்கு என்று கடந்து போய்விடுவோம். தொடக்கத்தில் சொன்ன பந்தியோடு ஒப்பிடுவதே சரி: பந்தி விசாரிக்க வேண்டியவர், விசாரிப்பதையும் தாண்டி, பரிமாறுவதையும் தாண்டி, கூடையை எடுத்துக்கொண்டு எச்சில் இலை அள்ள வந்துவிட்டார். பேதுரு பதறிப்போய், நீர் என் கால்களைக் கழுவ ஒருபோதும் விடமாட்டேன் என்று சொன்னது அதனால்தான். அதே வரிசையில், தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகிறவர் என்று தெரிந்தும் யூதாசையும் அவர் விட்டுவிடவில்லை.

இந்தக் காட்சிக்குச் சற்று முன்னால் நற்செய்தியாளர் ஒரு வாக்கியத்தை வைத்திருக்கிறார். அவசரமாக வாசிக்கிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள். தந்தை அனைத்தையும் தம் கையில் ஒப்படைத்துள்ளார் என்பதையும், தாம் கடவுளிடமிருந்து வந்ததையும் கடவுளிடம் திரும்பிச் செல்லவிருப்பதையும் இயேசு அறிந்திருந்தார் என்கிறது அது. அதற்குப் பிறகுதான் அவர் எழுந்து துண்டைக் கட்டிக்கொள்கிறார். தாம் யார் என்பதில் அவருக்குத் துளியும் ஐயம் இல்லை. ஆகவே தாழ்ச்சி என்பது தன்னை மட்டமாக நினைத்துக்கொள்வது ஆகாது. தன்னை மட்டமாக நினைக்கிறவருக்கும் எந்நேரமும் தன்னைப் பற்றிய நினைப்புதான். நான் எந்த வரிசையில் இருக்கிறேன் என்ற கேள்வி அவரை விடுவதில்லை. அகங்காரிக்கும் அதே கேள்விதான். அந்தக் கேள்வி தீர்ந்துபோனவருக்கே கைகள் வேலைக்கு விடுதலையாகின்றன. நாம் தாழ்வு மனப்பான்மை என்று சொல்வதற்கும் தாழ்ச்சி என்று சொல்வதற்கும் எழுத்தில் உள்ள ஒற்றுமை, பொருளில் இல்லை.

தொடக்கத் திருச்சபையின் திருத்தூதர் பவுல் பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய மடலின் 2ஆம் அதிகாரம் இதையே ஒரு பாடல்போலச் சொல்கிறது. கடவுள் வடிவில் விளங்கிய கிறிஸ்து, கடவுளுக்கு இணையாயிருக்கும் நிலையைப் பற்றிப் பிடித்துக்கொண்டிருக்காமல், தம்மையே வெறுமையாக்கி, அடிமையின் வடிவை ஏற்று, மனிதராகி, சிலுவைச் சாவு வரை தம்மைத் தாழ்த்திக்கொண்டார் என்பது அதன் சாரம். இந்த 'வெறுமையாக்குதல்' இறையியலில் கெனோசிஸ் என்ற கிரேக்கப் பெயரால் வழங்குகிறது. இதைப் புரிந்துகொள்ள கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ உள்ள ஒரு பெரிய வீட்டின் வாசலில் நின்று உள்ளே பார்த்தால் போதும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்க்கோட்டில் வீடு நீண்டுகொண்டே போய், பின்வாசலின் வெளிச்சம் முன்வாசலுக்குத் தெரியும். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்களும் சாய்மானத் திண்ணையும். பின்கட்டில் புகையும் பாத்திரம் கழுவும் தண்ணீரும். வீட்டின் உடைமையாளர் முகப்பிலிருந்து எழுந்து, ஒவ்வொரு கட்டாகக் கடந்து, பின்வாசலில் பாத்திரம் கழுவுகிறவர்களோடு போய் உட்கார்ந்துகொண்டார் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பாடலின் முதற்பாதி விளங்கும். வீடு அப்போதும் அவருடையதுதான்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாத விளக்கம் முழுமை பெறாது. தாழ்ச்சியைப் பற்றிய போதனை வரலாற்றில் பெரும்பாலும் தவறான திசையில் செலுத்தப்பட்டிருக்கிறது. முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்கள் பின்வரிசையில் இருந்தவர்களுக்குத் தாழ்ச்சியைக் கற்பித்தார்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவ ஆலயங்களுக்குள்ளேயே ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனி இடமும் தனிக் கல்லறையும் ஒதுக்கிய ஊர்கள் பல இருந்தன; எதிர்த்துக் கேட்டவர்களுக்குப் பொறுமையும் பணிவும் உபதேசிக்கப்பட்டன. வீட்டில் அடி வாங்கும் பெண்ணிடமும் இதே சொற்கள் சொல்லப்படுகின்றன. ஆனால் நற்செய்திகளில் இயேசு இந்தப் பேச்சை யாரிடம் பேசுகிறார் என்று ஒவ்வோர் இடத்திலும் பார்க்க வேண்டும். முதலிடம் தேடிய விருந்தாளிகளிடம், பதவி கேட்ட சீடர்களிடம், சந்தைவெளியில் வணக்கம் பெற விரும்பிய மறைநூல் அறிஞர்களைப் பற்றி. ஏற்கெனவே தரையில் உட்கார வைக்கப்பட்டவரிடம், இன்னும் கீழே போ என்று அவர் சொன்னதாக எங்கும் இல்லை. தலைமைக் குருவின் முன்னிலையில் காவலர் ஒருவர் தம்மை அறைந்தபோது, நான் தவறாகப் பேசியிருந்தால் எது தவறு என்று காட்டும், சரியாகப் பேசியிருந்தால் ஏன் என்னை அடிக்கிறீர் என்று அவர் கேட்டார். பவுலும் அப்படியே. உரோமைக் குடிமகனான தம்மை விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் இரகசியமாக விடுவிக்கப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துச் செல்லட்டும் என்று மறுத்துவிட்டார். அது நடந்தது பிலிப்பி நகரில். தாழ்ச்சியின் பாடலைப் பின்னாளில் அவர் எழுதி அனுப்பியதும் அதே ஊருக்குத்தான்.

செட்டிநாட்டைச் சுற்றி வாழ்கிறவர்களுக்கு இந்தக் கருத்து புத்தகத்தில் மட்டும் இருப்பதன்று. தேவகோட்டைக்குக் கிழக்கே, திருவாடானைப் பக்கத்தில் ஓரியூர் இருக்கிறது. அங்கே 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் தலை வெட்டப்பட்டு இறந்த ஜான் டி பிரிட்டோவை, அருளானந்தர் என்ற பெயரில் சாதி மத வேறுபாடின்றி மக்கள் வணங்கி, அந்த ஊரின் செம்மண்ணை எடுத்துச் செல்கிறார்கள். அவர் 1647இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தவர். சிறுவயதில் போர்ச்சுகல் அரண்மனையில் இளவரசர் பேதுருவுக்குத் தோழராக வளர்ந்தவர். இயேசு சபைக் குருவாக மதுரை மறைபணிக்கு வந்தபோது காவியுடை, மரக்கறி உணவு, கால்நடையாகப் பயணம் என்று பண்டார சுவாமியாக, அதாவது பிராமணரல்லாத துறவியைப்போல, வாழ்ந்தார். அன்றைய வழக்கத்தில் பிராமண சந்நியாசிகளைப்போல வாழ்ந்த குருக்களால் ஒடுக்கப்பட்ட மக்களிடம் வெளிப்படையாகப் பழக முடியவில்லை; பண்டார சுவாமிகளால் முடிந்தது. மதிப்பில் ஒரு படி இறங்கியதால்தான் போக முடிந்த வீடுகள் இருந்தன. சாதி அமைப்பை அந்த மறைபணி உடைக்கவில்லை, அதற்கு ஏற்ப வளைந்துதான் நடந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயினும் அவர் வாழ்வில் என்னை அதிகம் நிறுத்துவது இடையில் வந்த ஓர் அத்தியாயம். சேதுபதிகள் ஆண்ட மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதை அனுபவித்து விடுதலையான பிறகு அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். சிறுவயதுத் தோழர் அப்போது அரசர் இரண்டாம் பேதுரு. அவரைத் தம்மோடு வைத்துக்கொள்ளவே விரும்பினார். அரண்மனையில் இடம் காத்திருந்தது. அருளானந்தரோ 1690இல் திரும்பி மறவர் சீமைக்கே வந்துவிட்டார்.

அன்றாடத்தில் இது எப்படி நிற்கும் என்று கேட்பது நியாயம். கொடுத்ததற்குப் பெயர் போட்டுக்கொள்வது பாவமா என்று சிலர் கேட்பார்கள். அழகப்பச் செட்டியார் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரிந்ததால் யாருக்கும் நட்டமில்லை. பிறகு கொடுக்க வந்தவர்களுக்கு அது துணிவாகவும் இருந்திருக்கும். இயேசுவின் மலைப்பொழிவிலேயே இரண்டு பக்கமும் இருக்கிறது: உங்கள் நற்செயல்களை மக்கள் காணும்படி ஒளி வீசட்டும் என்று ஓரிடத்திலும், வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்று இன்னோர் இடத்திலும் சொல்கிறார். பெயர் இருக்கிறதா இல்லையா என்பதைவிட, திருவிழா அழைப்பிதழில் பெயர் விடுபட்டுப் போனபோது அந்த வேலையை அவர் தொடர்ந்து செய்தாரா என்று பார்ப்பதே நல்ல அளவுகோல். பங்குப் பேரவைத் தேர்தலில் தோற்றவர் அடுத்த ஞாயிறன்று நாற்காலி அடுக்க வருவாரா? சப்பரத்தின் முன்கம்பைத் தூக்கும் உரிமை இந்த முறை வேறு தெருவுக்குப் போய்விட்டால், பின்னால் ஜெனரேட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர ஆள் கிடைப்பாரா?

துறவிகளும் இந்தச் சிக்கலிலிருந்து தப்பியவர்கள் அல்லர் என்பதால்தான், 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் வகுத்ததோடு நிற்காமல், சமையலறை வேலைக்கும் முறை வைத்தார். நோயாளிகளும் தவிர்க்க முடியாத பொறுப்பு உள்ளவர்களும் தவிர மற்றெல்லாரும் வார முறை வைத்து அடுப்படியில் நிற்க வேண்டும். முறை முடியும் சனிக்கிழமையன்று, சகோதரர்கள் கைகால் துடைத்த துண்டுகளைத் துவைத்து வைத்துவிட்டுப் போக வேண்டும். தாழ்ச்சி என்னும் பெரிய பேச்சு துண்டு துவைப்பதில் வந்து முடிவது எனக்குப் பிடித்திருக்கிறது.

இயேசுவின் கடைசி விருந்தை நினைவுகூரும் பெரிய வியாழன் மாலையில் நம் பக்கத்து ஆலயங்களில் பாதம் கழுவும் சடங்கு நடக்கும். குருவானவர் மேலாடையைக் கழற்றி, துண்டைக் கட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேர் முன்னால் முழந்தாளிடுவார். நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே அந்த வரிசையில் அமர்ந்தார்கள். திருத்தந்தை பிரான்சிஸ் 2016ஆம் ஆண்டு விதியை மாற்றிய பிறகு பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு. அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்படுவதே பல ஊர்களில் ஒரு கௌரவம். அதற்காகப் பெரியவர்களிடம் சொல்லி வைப்பதும், கிடைக்காவிட்டால் வருத்தப்படுவதும் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் புதிய வேட்டி உடுத்தி, வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிய காலோடு வந்து அமர்வார்கள்; குருவானவர் ஊற்றுகிற தண்ணீர் பாத்திரத்தில் தெளிந்தே விழும். வழிபாடு முடிந்து எல்லாரும் ஆராதனைக்கு அமர்ந்த பிறகு, ஆலயத்தைச் சுத்தம் செய்யும் பெண்மணி பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து, அந்தத் தண்ணீரைத் தென்னைமரத்தடியில் கொட்டிவிட்டு, நனைந்த பன்னிரண்டு துண்டுகளையும் தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்பக்கம் துவைக்கப் போவார்.